பெலிகுல் ஓயாக் கரையில் ஒரு நடை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. ஆகவே இலங்கையின் மத்திய மலைநாட்டிலுள்ள ஹோட்டன் சமவெளி நடைக்கான பயிற்சியை, மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கையாற்றின் கரையிலும், ஏறி இறங்கக் கிடைத்த மேடாகிய யாழ்ப்பாணக் கோட்டையின் கொத்தளங்களிலும் செய்து வந்தேன். நெடுந்தூரம் நடப்பதற்கு அது போதுமாக இருந்தது, இறக்கங்களுக்குப் போதவில்லை.

கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் அமைந்த அச்சமவெளியில் காற்றழுத்தம் எங்களூரிலும் பார்க்க ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு என்பதால், தொடக்கத்தில் சிறிய ஏற்றங்களிற்கூட மூச்சு வாங்கியது. வேகத்தைக் குறைத்ததும் அது சீராகிவிட்டது. நுழைவாயிலில் பொலித்தீன் உறைகளை அகற்றிவிடுவார்கள். உணவைத் துணியிலோ கடதாசியிலோ சுற்றிக்கொண்டு போவதே நல்லது. ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நீளமான சுற்றுப்பாதையில் எல்லோரும் முதலில் விரைவது உலக முடிவு என்னும் செங்குத்துச் சரிவை நோக்கித்தான். மூடுபனி ஏறுவதற்கு முன் போனால் காட்சி கிடைக்கும்.

எனக்கோ, பேக்கர் நீர்வீழ்ச்சியைக் கண்டபின் பெலிகுல் ஓயாவை ஒட்டித் திரும்பிவரும் பகுதியே பெரிதாகப் பட்டது. இருபுறமும் பத்தனை எனப்படும் மலைப் புல்வெளி, ஆங்காங்கே வளைந்து முறுகிய தண்டுகளுடன் நிற்கும் ரொடோடென்ட்ரன் மரங்கள், தூரத்தில் மேயும் மரைகள், இவற்றுக்கிடையே கறுத்த மண்ணை அறுத்துக்கொண்டு ஆறு ஓடுகிறது. முகில் காட்டு மரங்களில் படர்ந்த பாசி மூடுபனியை நீராக்கிச் சொட்டவிடுவதும், இலைமக்கு நிறைந்த மண் அந்நீரைப் பிடித்துவைத்து மெல்லக் கசியவிடுவதும் மழையில்லா நாட்களிலும் ஆற்றுக்கு நீரூட்டுகின்றன. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிவிட, பின்னர் கிணற்றிலிருந்து இறைத்தெடுக்கும் ஊரில் வளர்ந்தவன் இதை நின்று பார்க்காமல் போக முடியாது.

மறுநாள் நுவரெலியாப் பக்கம் பைனஸ் காடொன்றினூடாக நடந்தேன். பைனஸ் இலங்கைக்குரிய மரமன்று. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தரிசாகிப்போன மலைச்சரிவுகளை மூடுவதற்காகப் பெருமளவில் நடப்பட்டது. காரைநகர்க் கடற்கரையின் சவுக்கு மரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அதன் உறவுபோலத் தோன்றினாலும், இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். நிழல் இதமானது, வாசனையும் அருமை. ஆனால் உதிர்ந்த ஊசியிலைகளின் கீழ் செடிகொடி அதிகம் முளைக்கவில்லை, பறவைச் சத்தமும் குறைவு. காடு என்பதை விடத் தோட்டம் என்பதே பொருந்தும் என்று நினைக்கிறேன். சரிவான இடங்களில் அந்த ஊசியிலைகள் சப்பாத்தை வழுக்கச் செய்வதால், ஊன்றுகோல் இருந்தால் உதவும்.

நடை முடிந்தபின் வலித்தவை தொடையின் முன்தசைகளே. உடலின் பாரத்தைத் தாங்கியபடி தசை நீளவேண்டியிருப்பதால் இறக்கமே அவற்றை அதிகம் வருத்துகிறது. இனி முதுகில் சுமையுடன் மாடிப்படிகளில் மெதுவாக இறங்கிப் பழகப் போகிறேன். அடுத்த இலக்கு, அதே சமவெளியிலிருந்து ஏறக்கூடிய, நாட்டின் இரண்டாவது உயர்ந்த மலையான கிரிகல்பொத்தை.