பதினாறு பார், ஒரு பென்சில்

"16 பார் பாட்டு தயார் செய்து வரவும்" என்று ஆடிஷன் (நடிகர் தேர்வு) அறிவிப்பில் போட்டிருந்தால் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பார் என்பது மேற்கத்திய இசையில் தாளத்தின் ஒரு சுற்று. ஒரு பாருக்கு நாலு தட்டு என்றால் 16 பாருக்கு 64 தட்டு. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் துள்ளல் பாட்டில் அது 32 நொடி. 80 தட்டில் நகரும் மெதுவான பாட்டில் 48 நொடி. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இருக்கிற கம்யூனிட்டி தியேட்டர் குழுக்கள் மியூசிக்கல் காமெடிக்கு, அதாவது பாட்டும் நடனமும் கலந்த நகைச்சுவை நாடகத்துக்கு, ஆள் எடுக்கும்போது உங்கள் குரலுக்கு ஒதுக்குகிற நேரம் அவ்வளவுதான்.

பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்து ஆடிப்பாடுகிறவர்கள்தானே என்று அசட்டையாகப் போக வேண்டாம். ஒமாஹா கம்யூனிட்டி பிளேஹவுஸ் 1924ல் தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்கே மேடையேறிய 20 வயதுப் பையன், பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான ஹென்றி ஃபோண்டா. அவரைக் கூப்பிட்டு நடிக்க வைத்தது நடிகர் மார்லன் பிராண்டோவின் அம்மா. சம்பளம் கிடையாது, சில இடங்களில் சந்தா வேறு கட்ட வேண்டியிருக்கும். தேர்வு மட்டும் தேர்வுதான்.

குரல் கெட்டு வாய்ப்புப் போவதைவிட காகிதம் கெட்டுப் போவதுதான் அதிகம். தேர்வில் உங்கள் பாட்டுக்குப் பியானோ வாசிப்பவர் உங்களை முன்பின் பார்த்ததில்லை; நீங்கள் நீட்டும் தாளை அந்த நொடியில் முதல்முறையாகப் பார்த்து வாசிக்கப் போகிறார். அதில் என்னவெல்லாம் தவறலாம் என்றால், நகல் எடுக்கும்போது பக்கத்தின் அடிவரி வெட்டுப்படும். அது இடது கை வாசிக்கும் வரி, போய்விட்டால் பாட்டுக்கு அடித்தளமே இல்லை. பாட்டின் நடுவிலிருந்து 16 பார் வெட்டி எடுத்திருப்பீர்கள். ஸ்கேலை (பாட்டின் சுருதியை) காட்டும் ஷார்ப், ஃபிளாட் குறிகளும் தாளக் குறியும் முதல் பக்கத்திலேயே தங்கிவிட்டிருக்கும். வெட்டின இடத்தில் அவற்றைக் கையால் எழுதுங்கள். வெறும் பாடல் வரியும் மேலே ஸ்வரக் கூட்டுகளின் (chord) பெயரும் மட்டும் உள்ள தாள் போதாது, இரண்டு கைக்கும் எழுதின பியானோ பகுதி வேண்டும். "இதை ரெண்டு ஸ்வரம் இறக்கி வாசியுங்களேன்" என்று அங்கே நின்று கேட்காதீர்கள். இணையத்தில் ஷீட் மியூசிக் வாங்கும்போதே பல பாட்டுகளை வேண்டிய ஸ்கேலுக்கு மாற்றித் தருகிறார்கள்; வீட்டிலேயே அதை முடித்துவிடுங்கள்.

தாள்களை முதுகோடு முதுகாக இரு பக்கமும் அச்சிட்டு, மூன்று வளையம் உள்ள பைண்டரில் போடுங்கள். தனித்தாளாகக் கொடுத்தால் ஏசிக் காற்றுக்குப் பறந்து பியானோவுக்கு அடியில் போய்விடும். பிளாஸ்டிக் உறை போட்டால் விளக்கு பளபளத்து எழுத்து தெரியாது. தொடக்கத்தையும் முடிவையும் தடித்த கறுப்புக் கோட்டால் காட்டுங்கள். நடுவில் தாண்டவேண்டிய பார்கள் இருந்தால் அவற்றை முழுக்க வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிடுவது உத்தமம். அம்புக்குறி போட்டு "இங்கிருந்து அங்கே" என்றால் அவர் கண் தேடுவதற்குள் நீங்கள் தனியே பாடிக்கொண்டிருப்பீர்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியது மூன்று: எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வேகம் என்ன, முன்னிசை எவ்வளவு. வேகத்தைக் காட்ட விரலைச் சொடுக்காதீர்கள், வேலைக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். முதல் வரியை வாய்க்குள் முணுமுணுத்துக் காட்டினால் போதும். முன்னிசைக்கு நான்கு பார் கேட்டு 32 நொடியில் 8 நொடியைத் தொலைக்காமல், தொடக்க ஸ்வரத்தை ஒருமுறை தட்டச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். பாடும்போது வேகம் மாறிவிட்டால் அவரை முறைக்காதீர்கள். நீங்கள் இழுத்தால் அவர் வருவார். முடிந்ததும் நன்றி சொல்ல வேண்டியது அவருக்கும்தான். சிறு குழுக்களில் இசை இயக்குநரே பியானோவில் உட்கார்ந்திருப்பது சகஜம்.

கர்நாடக சங்கீதம் கற்றுவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தனியாகச் சில. உங்கள் கட்டைக் கணக்கு இங்கே நேராக உதவும்: 1 கட்டை சி, 2 டி, 4 எஃப், 5 ஜி. ஆனால் அங்கே கட்டை உங்கள் வசதிக்கு அமைவது. இங்கே நாடகத்தின் பாட்டு எழுதின ஸ்கேலில்தான் இருக்கும். படிவத்தில் உங்கள் குரலின் எல்லையைக் கேட்பார்கள். பியானோ செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, சளி பிடித்த நாளிலும் சிரமமில்லாமல் எட்டும் கீழ், மேல் ஸ்வரங்களைக் குறித்து வையுங்கள். குளியலறையில் ஒருமுறை எட்டினதை எழுதாதீர்கள். அதைத்தான் பாடிக்காட்டச் சொல்வார்கள். பாட்டின் பாதியில் ஸ்கேல் அரைப்படி ஏறுவதும் இந்த வகையில் வழக்கம். சுருதிப் பெட்டியை நடுக்கச்சேரியில் யாரோ திருப்பிவிட்ட மாதிரி ஆரம்பத்தில் தடுமாறும், பியானோ மட்டும் உள்ள டிராக்கோடு பழகினால் சரியாகிவிடும். கமகம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஸ்வரத்தை அசைக்காமல் நேராக நிறுத்திப் பழகுங்கள். நல்ல செய்தி ஒன்றும் உண்டு. நெஞ்சிலிருந்து அழுத்தமாகப் பாடிப் பழகின பெண் குரலுக்கு இங்கே 'பெல்ட்' என்று பெயர், அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சோப்ரானோ (உச்சஸ்தாயிப் பெண் குரல்) வேடம் வேண்டும் என்றால் மட்டும் தலைக்குரலைத் தனியாக வளர்க்க வேண்டும்.

உச்சரிப்பில் கவனிக்க வேண்டியது சொல்லின் கடைசி மெய்யெழுத்து. காமெடிப் பாட்டில் சிரிப்பு உட்கார்ந்திருப்பது எதுகையில், ஆங்கிலத்தில் எதுகை விழுவது வரியின் கடைசியில். அதை விழுங்கினால் நகைச்சுவையே போச்சு. பிராட்வே (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள்) உச்சரிப்பை நடித்துக்காட்ட வேண்டாம், தெளிவு இருந்தால் போதும்.

பாட்டுத் தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. காமெடி நாடகம்தானே என்று, அடுக்கடுக்காகப் பட்டியல் போட்டுச் சிரிக்க வைக்கும் பாட்டை எடுப்பார்கள். அந்த வகைப் பாட்டில் மூன்று சரணம் ஏற்றி நாலாவதில்தான் வெடிக்கும். 16 பார் வெட்டினால் ஏற்றமும் இருக்காது, வெடியும் இருக்காது. முடிச்சும் அவிழ்ப்பும் அந்த அரை நிமிடத்துக்குள்ளேயே இருக்கிற பகுதியைத் தேடுங்கள். நாடகம் 1950களின் பாணி என்றால் பாட்டும் அந்தக் காலத்துச் சாயலில் இருக்கட்டும். அறிவிப்பில் கேட்டிருந்தாலொழிய அதே நாடகத்திலிருந்து பாடாதீர்கள்: இயக்குநர் மனத்தில் அந்தப் பாட்டு ஏற்கெனவே ஒரு விதமாக ஓடிக்கொண்டிருக்கும்.

சிரிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் காமெடி ஆடிஷனில் பெரிய எதிரி. 1950ல் பிராட்வேக்கு வந்த 'கைஸ் அண்ட் டால்ஸ்' மியூசிக்கலில் அடலெய்டு என்றொரு பாத்திரம். பதினாலு வருடமாக நிச்சயம் ஆகி, கல்யாணம் மட்டும் ஆகாமல் இருப்பவள். தீராத தன் சளிக்குக் காரணம் அந்தக் கல்யாணம் நடக்காததுதான் என்று ஒரு மருத்துவப் புத்தகத்தில் படித்துப் பாடுகிறாள். அந்த வேடத்துக்கு வந்து நிற்கிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் மூக்கைச் சிந்துவதிலும் கண்ணை உருட்டுவதிலும் இறங்கிவிடுவார்கள். எடுபடுகிறவர் உண்மையாகவே நொந்துபோய், புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்று நம்பிப் படிப்பார். அவளுக்கு அது சிரிப்பில்லை, அதனால்தான் நமக்குச் சிரிப்பு.

பாடும்போது கண் எங்கே இருக்க வேண்டும்? தேர்வுக்குழுவின் தலைக்குச் சற்று மேலே, பின்சுவரில் ஒரு புள்ளி. அவர்கள் கண்ணையே பார்த்துப் பாடினால் குறிப்பெழுதக் குனியவும் கூசுவார்கள். தப்பு வந்தால் மன்னிப்புக் கேட்காமல் தொடருங்கள், முகம் சுளிப்பதுதான் தப்பைவிடப் பளிச்சென்று தெரியும்.

வசனம் படிக்க ஒன்றிரண்டு பக்கம் தருவார்கள், 'சைட்ஸ்' என்பார்கள். தாளை நெஞ்சு உயரத்தில் பிடித்து, படிக்கும் வரியில் கட்டைவிரலை வைத்துக்கொள்ளுங்கள். வரியின் கடைசிச் சொற்களைக் கண்ணைத் தூக்கி எதிரே நிற்பவரிடம் சொல்லுங்கள். அவர் பேசும்போது உங்கள் அடுத்த வரியைத் தேடாமல் அவரைக் கவனியுங்கள். காமெடியில் பாதி வேலை கேட்பதுதான். அறையில் யாரும் சிரிக்கமாட்டார்கள், அதே வசனத்தை அன்று இருபதாவது தடவை கேட்கிறார்கள். ஆகவே சிரிப்புக்கென்று இடைவெளி விட்டுக் காத்திருக்க வேண்டாம். "இப்போது இதையே கோபமே இல்லாமல், கெஞ்சுகிற மாதிரி சொல்லுங்கள்" என்று இயக்குநர் கேட்டால், முதல் முறை சரியில்லை என்று பொருளல்ல. சொன்னால் மாறுவீர்களா என்று பார்க்கிறார். சுமாராக வந்தாலும் சரி, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாற்றுங்கள்.

நடனச் சுற்றில் நடனத்தின் ஒரு சிறு பகுதியைக் கற்றுக்கொடுத்து, மூன்று நான்கு பேராக ஆடச் சொல்வார்கள். எட்டு எட்டாக எண்ணுவார்கள். ஆதி தாளம் பழகினவர்களுக்கு அதில் சிக்கலில்லை. எடையைச் சட்டென்று கால் மாற்றும் பால்-சேஞ்ச் என்ற அடி மட்டும் இரண்டு எண்ணுக்கு நடுவில் அரைத்தட்டில் விழும். கிரேப்வைன், ஜாஸ் ஸ்கொயர், பிவட் டர்ன், பால்-சேஞ்ச் இந்த நான்கு அடிகளையும் வீட்டில் பழகிவிட்டால் பாதி நடனம் கைவந்த மாதிரி. பரதம் ஆடினவர்கள் பாதம் முழுக்கத் தட்டி அரைமண்டியில் இறங்கிவிடுவார்கள். இங்கே எடை முன்பாதத்தில், எந்தக் கால் காலியாக இருக்கிறது என்பதில்தான் கவனம் இருக்க வேண்டும். செருப்பு, ஜீன்ஸ் வேண்டாம். நழுவாத மெல்லிய ஷூ அல்லது இரண்டு அங்குலக் குதிகால் உள்ள, பட்டை வைத்த ஷூ. கடைசி வரிசையில் ஒளிந்து நிற்காதீர்கள், அங்கிருந்து கற்றுக்கொடுப்பவரின் கால் தெரியாது.

படிவத்துக்கு வருவோம். ஒத்திகை பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து வாரம், வாரத்தில் மூன்று நான்கு மாலை. வர முடியாத தேதிகளைக் கேட்பார்கள். மச்சினன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறீர்களா, இப்போதே எழுதிவிடுங்கள். நான்கைந்து நாள் இல்லை என்று முன்கூட்டிச் சொன்னவரை எடுத்துக்கொள்வார்கள், வேடம் கிடைத்த பிறகு சொன்னவரை அடுத்த தடவை கூப்பிடமாட்டார்கள். விளக்கு, ஒலி, உடை எல்லாம் சேர்த்துப் பார்க்கும் கடைசி வாரமான டெக் வீக்கில் மட்டும் ஒரு நாள்கூட விடுப்பு கிடையாது. "எந்த வேடமும் சம்மதமா" என்ற கேள்விக்கு மனத்தில் இருப்பதையே போடுங்கள். கூட்டத்தில் ஒருவராக ஆட விருப்பமில்லை என்றால் இல்லை என்று எழுதுவது குற்றமல்ல. ஆம் என்று எழுதிவிட்டுப் பட்டியல் வந்ததும் விலகுவதுதான் பேரைக் கெடுக்கும். பெரும்பாலான ஊர்களில் வருகிற பெண்கள் அதிகம், ஆண்கள் குறைவு. ஆகவே பெண் வேடத்துக்குப் போட்டி கடுமை, நல்ல குரல் இருந்தும் என்செம்பிளில் (கூட்டமாக ஆடிப்பாடும் குழுவில்) விழுவது சாதாரணம்.

இரண்டாம் சுற்றான கால்பேக்குக்கு அழைப்பு வரவில்லை என்றால் கழித்துவிட்டார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். உங்களுக்கு எது என்று முதல் நாளே தீர்மானித்திருந்தாலும் கூப்பிடமாட்டார்கள். கால்பேக்கில் பார்ப்பது பெரும்பாலும் ஜோடிப் பொருத்தம்: உயரம், இரண்டு குரலும் ஒட்டுகிறதா, ஒருவர் வேகத்துக்கு மற்றவர் ஈடுகொடுக்கிறாரா. முதல் நாள் போட்ட அதே உடையில் போங்கள், 'அந்த நீலச் சட்டை' என்றுதான் குறிப்பில் எழுதியிருப்பார்கள்.

வேடம் கிடைத்தால் முதல் ஒத்திகையில் நாடகப் புத்தகம் தருவார்கள். அது உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடமிருந்து வாடகைக்கு வந்தது, நாடகம் முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கலாம். அப்படியானால் பேனாவும் ஹைலைட்டரும் கூடாது. இரண்டு பென்சிலும் நல்ல அழிரப்பரும் கொண்டுபோங்கள். கடைசிக் காட்சி முடிந்த பிறகு ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து அழிக்கப் போவது நீங்கள்தான்.