உதய்நகரில் ஒரு கல்லறை

மத்தியப் பிரதேசத்தில், இந்தூரிலிருந்து உதய்நகர் போகும் வழியில் நாச்சன்போர் என்ற மலைப்பகுதி வருகிறது. அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) ராணி மரியா கொல்லப்பட்ட இடம் அது. கூட வந்தவர்கள் எல்லோரும் அங்கே இறங்கி முழந்தாளிட்டு ஜெபமாலை சொன்னார்கள். எனக்கு அந்த மண்ணைப் பார்க்கவே நடுங்கியது.

கேரளாவின் புல்லுவழியில் 1954-ல் பிறந்தவர் ராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபைச் சகோதரி. 1992-ல் உதய்நகருக்கு வந்தார். வட்டிக்காரர்களிடம் சிக்கிக்கொண்டிருந்த ஆதிவாசி விவசாயிகளுக்கு வங்கிக் கடன் வாங்கும் வழியையும் அவர்களுடைய உரிமைகளையும் சொல்லிக்கொடுத்தார். அதனால் வருமானம் இழந்தவர்களுக்கு அவர் மேல் ஆத்திரம். 1995 பிப்ரவரி 25 காலை உதய்நகரிலிருந்து பேருந்தில் கிளம்பியவரை, கூலிக்கு அமர்த்தப்பட்ட சமந்தர் சிங் என்ற இளைஞர் கத்தியால் குத்தினார். வெளியே இழுத்துப் போட்டும் குத்தினார். உடலில் 54 காயங்கள். பேருந்து நிறைய ஆட்கள் இருந்தும் யாரும் தடுக்கத் துணியவில்லை. 'இயேசுவே, இயேசுவே' என்று சொல்லிக்கொண்டே இறந்தார் என்கிறார்கள்.

நான் இந்த யாத்திரைக்கு வந்தது அவருடைய மரணத்துக்காக மட்டும் இல்லை. அதற்குப் பிறகு அவருடைய குடும்பம் செய்த காரியத்துக்காக.

எங்கள் வீட்டிலும் ஒரு காயம் உண்டு. அப்பா முழுதாக நம்பிய ஒருவர், அவர் கையெழுத்தைப் போலியாகப் போட்டு எங்கள் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டார். அப்பா அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவே இல்லை. வழக்கு நடக்கும்போதே போய்ச்சேர்ந்துவிட்டார். 'எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல' என்று தினமும் ஜெபிக்கிறோம். சின்னச் சின்னச் சண்டைகளுக்கு அந்த வரி சுலபமாக வாயில் வரும். அப்பாவை இழந்த பிறகு அது தொண்டையில் மாட்டுகிறது.

உதய்நகர் கோவில் எளிமையானது. ராணி மரியாவின் உடலை முதலில் அந்த ஊரிலேயே புதைத்திருந்தார்கள். 2016-ல் எச்சங்களைத் தோண்டியெடுத்துக் கோவிலுக்குள் வைத்தார்கள். அடுத்த வருடம் நவம்பர் 4-ம் தேதி இந்தூரில் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுக்கப்பட்டது. கல்லறை முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் இந்தியில் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். வார்த்தை புரியாவிட்டாலும் அழுகையை அடக்க முடியவில்லை.

சமந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர் சிறையில் இருக்கும்போதே மனைவி பிரிந்து போனார், மகனும் இறந்துபோனான். தன்னை இதில் இறக்கிவிட்டவர்களைப் பழிவாங்க வேண்டும் என்று கொதித்துக்கொண்டிருந்தவரைத் தேடி ஒரு குருவானவர் போனார். காவி கட்டித் துறவியாக வாழ்ந்த அவரை ஜனங்கள் சுவாமி சதானந்த் என்று அழைத்தார்கள். மன்னிப்புப் பிரசங்கத்தோடு அவர் போகவில்லை. திரும்பத் திரும்பப் போய் அந்த மனிதரின் பேச்சைக் கேட்டார். இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஆள் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பக்கமும் இரத்தம் கொதிக்கும்போது நடுவில் நடந்துபோக ஒருவர் வேண்டும்.

2002-ல், ரக்ஷா பந்தன் சமயத்தில், ராணி மரியாவின் தங்கை சகோதரி செல்மி பால் சிறைக்குப் போய் சமந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டினார். அக்காவைக் குத்திய கை. அதில் ராக்கி கட்டி, 'நீ என் சகோதரன்' என்று ஏற்றுக்கொண்டார். கொலை நடந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அப்புறம் தாயார் எலீஸ்வா அம்மாவும் அவரைச் சந்தித்தார்; அந்தக் கைகளைப் பிடித்து முத்தமிட்டார். தன் மகளின் இரத்தம் பட்ட கைகள் என்பதால் முத்தமிட்டாராம். இதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். கல்லறை முன்னால் உட்கார்ந்து நினைத்தபோதுதான் அந்தத் தாயின் மனது கொஞ்சம் பிடிபட்டது. மகளிடம் போய்ச் சேர அவருக்கு மிச்சமிருந்த ஒரே வழி அந்தக் கைகள்தானோ என்னவோ. சிலுவையடியில் நின்ற மாதாவை நினைத்துக்கொண்டேன். 'தந்தையே, இவர்களை மன்னியும்' என்று மகன் சொன்னதை அந்தத் தாயும் கேட்டுக்கொண்டுதானே நின்றார்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் அடிபட்டு வருகிற பெண்ணிடம், 'மன்னிச்சிட்டுத் திரும்பிப் போம்மா' என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ராணி மரியாவின் குடும்பத்தைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. இங்கே விசாரணை நடந்தது, தீர்ப்பு வந்தது, குற்றவாளி பல வருடம் சிறையில் இருந்தார். நடந்தது கொலை இல்லை என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. தாங்கள் பட்ட வேதனையை மறைக்கவும் இல்லை. மனம் திரும்பிய மனிதரைப் பார்த்த பிறகு, அவர் முன்கூட்டியே விடுதலையாக அந்தக் குடும்பமே துணை நின்றது. 2006-ல் அவர் வெளியே வந்தார். அடுத்த வருடமே புல்லுவழிக்குப் போய் அந்த வீட்டு வாசலில் நின்றார். அவர்களும் உள்ளே அழைத்துக்கொண்டார்கள். பிறகு இந்தக் கல்லறைக்கும் அவர் பலமுறை வந்து ஜெபித்திருக்கிறார்.

எங்கள் வழக்கு இன்னும் முடியவில்லை. அதை விடப் போவதும் இல்லை. அப்பாவுக்குச் சேர வேண்டியதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அந்த மனிதர் நாசமாய்ப் போக வேண்டும் என்று இரவில் படுத்துக்கொண்டு நினைக்கும் நினைப்பு இருக்கிறதே, அதைக் கல்லறை முன்னால் ஆண்டவரிடம் கொடுத்தேன். 'நீரே வைத்துக்கொள்ளும், என்னால் சுமக்க முடியவில்லை' என்று மட்டும்தான் ஜெபிக்க வந்தது. ஒரே நாளில் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. பேதுருவிடம் இயேசு எழுபது தடவை ஏழுமுறை என்று சொன்னது, ஒரே குற்றத்தை மறுபடி மறுபடி மன்னிக்க வேண்டியிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று நம்புகிறேன்.

கிளம்பும் முன், யாருக்காகப் பூசை வைக்க வேண்டும் என்று பூசைக்கருத்து கொடுக்கப் போனேன். அப்பாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு பூசை. சகோதரி எழுதிக்கொண்டு, 'வேறு ஏதாவது?' என்று கேட்டார். அந்த மனிதரின் பெயரைச் சொன்னேன். 'உறவா?' என்றார். என்ன சொல்வது என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினேன். அவரும் மேலே கேட்காமல், நல்ல சுகத்துக்காக என்று எழுதிக்கொண்டார்.

இரவு தங்கைக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. 'எனக்கு இன்னும் முடியலக்கா' என்றாள். சரிம்மா என்றேன். அவளை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.