சீடர்பெர்க்கின் சிவப்புத் தேநீர்க் களங்கள்

கேப் டவுனிலிருந்து வடக்கே செல்லும் என்7 நெடுஞ்சாலையில், அறுவடை முடிந்து வெளுத்துக் கிடந்த கோதுமை வயல்களையும் சிட்ரஸ்டால் வட்டாரத்தின் ஆரஞ்சுத் தோப்புகளையும் கடந்து, ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிளான்வில்லியம் என்ற சிற்றூருக்கு ஒரு பிப்ரவரி நண்பகலில் சென்று சேர்ந்தேன். உலகச் சந்தைக்கு வரும் ரூய்போஸ் தேநீர் இந்த ஊரைச் சூழ்ந்த சீடர்பெர்க் மலைப்பகுதியிலும் அதையொட்டிய வட்டாரங்களிலும்தான் விளைகிறது.

தேயிலைச் செடிக்கும் ரூய்போஸுக்கும் உறவே இல்லை. நம் ஊர்க் கொளுஞ்சியையும் அவுரியையும் போல இதுவும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊசி போன்ற மெல்லிய இலைகள் கொண்ட, பார்வைக்கு மிகச் சாதாரணமான புதர். சத்தற்ற மணலில் ஆழமாக வேரோடி, காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளின் துணையால் தேக்கிக்கொண்டு, மழையற்ற நீண்ட கோடையை அது கடந்துவிடுகிறது. காஃபீன் இதில் இயற்கையாகவே கிடையாது. துவர்ப்பும் கசப்பும் தரும் டானினும் குறைவு என்பதால் எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் கசப்பதில்லை.

அறுவடைக் காலம் என்பதால் பண்ணையொன்றின் களத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. அரிவாளால் அறுத்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்த கிளைகளை, தண்டும் இலையுமாகச் சில மில்லிமீட்டர் நீளத் துண்டுகளாக இயந்திரம் நறுக்கித் தள்ளுகிறது. அப்போது அவை முழுப் பச்சை நிறம். அவற்றை நசுக்கி, நீர் தெளித்து, திறந்த வெளியில் நீண்ட வரப்புகளாகக் குவித்து இரவு முழுவதும் விட்டுவிட்டால், காற்றுப் பட்டுப் பட்டுக் காலைக்குள் செந்தவிட்டு நிறத்துக்கு மாறிவிடுகின்றன. குவியலை எப்போது கலைப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. களத்தின் பொறுப்பாளர் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்து, தேனும் ஈரமரமும் கலந்த ஓர் இனிய வாசம் எழுந்த பிறகே பரப்பச் சொன்னார். பரப்பியபின் உலர்த்துவது வெயிலின் பொறுப்பு. இப்படிக் குவித்து நிறம் மாறவிடாமல் உடனே உலர்த்துவது பச்சை ரூய்போஸ். அது எனக்குச் சற்றுப் புல்வாசமாகவே பட்டது.

இப்புதரை அறுத்து, தட்டி, நிறம் மாற்றிப் பருகும் வழக்கம் அம்மலைகளின் பூர்வகுடிகளான கோய், சான் மக்களுடையது. 1904-இல் ரஷ்யாவிலிருந்து குடியேறிய பெஞ்சமின் கின்ஸ்பெர்க் இதை வணிகமாக்கினார். கிளான்வில்லியத்தின் மருத்துவர் லே ஃப்ராஸ் நோர்ட்டியர் 1930-களில் இதைப் பயிராக்கும் முறையைக் கண்டறிந்தார். முற்றிய காய் வெடித்து விதை சிதறிவிடும். கிடைத்த விதையின் தோலும் எளிதில் முளைவிடாத அளவுக்குக் கடினம். எறும்புப் புற்றுகளில் விதைகள் சேர்ந்து கிடப்பதைக் கண்டு எடுத்துக் கொடுத்தவர் கோய் இனப் பெண் ஒருவர் என்று இங்கு சொல்கிறார்கள். மருத்துவரின் பெயர் நிலைத்த அளவுக்கு அப்பெண்ணின் பெயர் நிலைக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

கோய், சான் மக்களுக்குச் சேர வேண்டியதும் இப்பெயரின் உரிமையும் மிகத் தாமதமாகத்தான் ஓரளவு நேராயின. 1994-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று ‘ரூய்போஸ்’ என்ற பெயரையே தன் வணிக முத்திரையாகப் பதிவுசெய்துகொள்ள, அதை விடுவிக்க 2005 வரை போராட வேண்டியிருந்தது. 2019-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, பண்ணை வாசல் விலையில், அதாவது விவசாயி பண்ணையிலேயே விற்கும் விலையில், 1.5 விழுக்காடு கோய், சான் சமூகங்களுக்குச் சேர வேண்டும். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இப்பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு வழங்கியது.

மறுநாள், பாக்ஹுயிஸ் கணவாயின் செம்பாறைகளைத் தாண்டி, புழுதி பறக்கும் மண்சாலையில் வுப்பர்தால் சென்றேன். 1830-இல் ஜெர்மானிய மிஷனரிகள் நிறுவிய அந்தக் கிராமத்தில் சிறு விவசாயிகள் இன்றும் ரூய்போஸ் பயிரிடுகிறார்கள். 2018 டிசம்பர் இறுதியில் மூண்ட தீயில் பல வீடுகள் எரிந்துபோயின. அங்கே எனக்குக் கிடைத்த தேநீர், பாலும் சர்க்கரையும் சேர்த்து, கடைப் பொட்டலங்களில் கிடைப்பதைவிட இரு மடங்கு திடமாக இருந்தது. மூலிகைத் தேநீரில் பால் கலப்பதா என்று முகம் சுளிப்பவர்கள், தென்னாப்பிரிக்க வீடுகளில் நெடுங்காலமாகவே அப்படித்தான் குடிக்கிறார்கள் என்பதை அறிய வேண்டும்.

இதன் இன்னோர் உறவினரான ஹனிபுஷ், இங்கிருந்து வெகுதூரம் கிழக்கே, லாங்க்ளூஃப் பள்ளத்தாக்கை ஒட்டிய மலைகளில் வளர்கிறது. அதுவும் காஃபீன் அற்றதே. ஆனால் இனிப்பு தூக்கலாக இருக்கும். இன்னும் பெருமளவு காட்டிலிருந்தே வெட்டப்படுவதால், ஒருமுறை வெட்டிய புதரை மீண்டும் தழைக்கச் சில ஆண்டுகள் விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. களத்து வேலையைப் பார்க்க விரும்புவோர் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் கிளான்வில்லியம் செல்வது நல்லது. வெயில் கொளுத்தும், குவியலைக் கலைப்பதைப் பார்க்க விடியற்காலையிலேயே பண்ணைக்குப் போய்விட வேண்டும்.