ஓலாஃபுர் ஆர்னால்ட்ஸ் இசையைத் தேடி ஐஸ்லாந்துக் கடலோரம்

ஐஸ்லாந்து இசையமைப்பாளர் ஓலாஃபுர் ஆர்னால்ட்ஸ் பாட்டுகளைப் பதிவு செய்த இடங்களைப் பார்க்கப் போயிருந்தோம். முதலில் அந்த ஓட்டுநர் கதையைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று பேசித்தான் வண்டியில் ஏறினோம். திரும்பி வந்ததும் காத்திருந்த நேரத்துக்குத் தனியாகப் பணம் கேட்டார். எவ்வளவு வாதாடியும் விடவில்லை. எங்கள் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அதிலேயே போனது. ஐஸ்லாந்தில் ஒரு காபி வாங்குவதற்கே பலமுறை யோசிக்க வேண்டும், இதில் இந்த அநியாயம் வேறு.

ஆனால் போன இடம் அத்தனைக்கும் தகும். தென்கரையில் செல்வோகுர் என்ற ஊரில், கடலைப் பார்த்தபடி தனியாக நிற்கும் ஸ்ட்ரான்டார்கிர்க்யா தேவாலயம். புயலில் சிக்கிய மாலுமிகள், உயிரோடு கரை சேர்ந்தால் கோயில் கட்டுகிறோம் என்று வேண்டிக்கொண்டார்களாம். கரையில் ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். இப்போதுள்ள கட்டடம் 1888இல் எழுந்தது. நேர்த்திக்கடன் காணிக்கை இன்றும் வருகிறது. ‘ஐலண்ட் சாங்ஸ்’ வரிசையில் வரும் ‘ரத்திர்’ என்ற பாட்டை ஓலாஃபுர் இங்கேதான் ஒரு பாடகர் குழுவோடு பதிவு செய்தார். 2016இல் ஏழு வாரம், ஏழு ஊர், அந்தந்த இடத்துக் கலைஞர்களோடு ஒவ்வொரு பாட்டு என்று அவர் செய்த வேலை அது. உள்ளே நின்று மெதுவாக ஒரு சுரம் பாடிப் பார்த்தேன். சின்ன மரக்கூடம், குரல் எங்கும் சிதறாமல் பக்கத்திலேயே நின்றது. பதிவில் அந்தக் குழு நம் தோளருகே பாடுவதுபோல் ஏன் கேட்கிறது என்று அப்போது புரிந்தது.

இவர் இசையைத் தூக்கம் வரவழைக்கும் பியானோ என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டைதான். 1986இல் மோஸ்ஃபெல்ஸ்பைரில் பிறந்தவர், தொடக்கத்தில் ஹார்ட்கோர் என்ற முரட்டு ராக் இசைக் குழுக்களில் டிரம்ஸ் அடித்தவர். ஹெவன் ஷால் பர்ன் என்ற ஜெர்மன் மெட்டல் குழுவின் 2004 ஆல்பத்துக்கு அவர் எழுதிய மென்மையான துண்டுகள்தான் பாதையைத் திருப்பின. 2007இல் முதல் தனி ஆல்பம், 2009இல் ஏழு நாளில் ஏழு பாட்டு எழுதி இலவச வெளியீடு, ‘பிராட்சர்ச்’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் இசைக்கு 2014இல் பிரிட்டனின் பாஃப்டா விருது. நடுவில் ஜானுஸ் ராஸ்முசனோடு கியாஸ்மோஸ் என்ற பெயரில் நடன இசை. 2018 ஆல்பத்தில் ஸ்ட்ராட்டஸ் என்ற மென்பொருள். அவர் ஒரு பியானோக் கட்டையை அழுத்தினால், தானே வாசிக்கும் இரண்டு பியானோக்கள் பதில் சொல்லும். அந்தப் பதில்கள் வந்து விழும் தாளத்தைக் கவனியுங்கள், பழைய டிரம்ஸ்காரரின் கை அங்கே தெரியும்.

அப்புறம் கார்துர் என்ற கடலோர ஊர். பேருந்துக்காக நின்ற இடத்தில் நாலா பக்கமும் காற்று, ஒதுங்கக் கூரை இல்லை. வந்த பேருந்திலும் ஹீட்டர் ஓடவில்லை, வழியெல்லாம் பல் தந்தியடித்தது. ஊர் முனையில் இரண்டு கலங்கரை விளக்கங்கள்: 1897இல் கட்டியது ஒன்று, 1944இல் கட்டிய உயரமானது இன்னொன்று. அதே ‘ஐலண்ட் சாங்ஸ்’ வரிசையின் ‘பார்ட்டிக்கிள்ஸ்’ பாட்டு பிறந்தது இந்த ஊர்க் கலங்கரை விளக்கத்தில்தான். பாடியவர் இதே ஊரில் வளர்ந்த நான்னா, ‘ஆஃப் மான்ஸ்டர்ஸ் அண்ட் மென்’ குழுவின் பாடகி. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹெட்போனில் அதைக் கேட்டேன், கண் கலங்கிவிட்டது.

அன்று ராத்திரி குடித்த ஆட்டுக்கறி சூப்பை மறக்கவே மாட்டேன். எலும்போடு வெந்த கறி, உருளைக்கிழங்கு, கேரட், மேலே மிதக்கும் கொழுப்பு. இரண்டாவது கிண்ணத்துக்குக் காசு வாங்கவில்லை! மற்ற நாளெல்லாம் சூப்பர் மார்க்கெட் ரொட்டியும் ஸ்கிர் தயிரும்தான்.

கையில் காசு குறைவு என்றால் தலைநகர் ரெய்க்யவிக்கிலேயே இத்னோ இருக்கிறது. ட்யோர்னின் ஏரிக்கரையில் உள்ள பழைய நாடக அரங்கம், ‘ஐலண்ட் சாங்ஸ்’ வரிசையின் கடைசிப் பாட்டு அங்கேதான் அரங்கேறியது. நடந்தே போகலாம். செல்வோகுர் போகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து வாடகைக் கார் எடுங்கள். கதவைத் திறக்கும்போது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கதவு பிய்ந்தால் பெரும்பாலும் காப்பீடு கைகொடுக்காது.