அக்கட்டால உக்காருங்க

ஊர்க்கூட்ட வாசலில் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருந்த பாட்டி என் பெயரை இரண்டு தடவை தேடினார். கிடைக்கவில்லை. ஓட்டு இல்லாதவர்கள் அந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று பென்சிலால் சுவரோரம் காட்டினார். மூன்று மடக்கு நாற்காலிகள். சிரித்த முகத்தோடுதான் சொன்னார், ஆனாலும் சுருக்கென்றது. சின்ன வயதில் பெரியவர்கள் பேசும் இடத்துக்குப் போனால், "அம்மிணி, அக்கட்டால போய் உக்காரு" என்று விரட்டுவார்களே, அந்தச் சுருக். அதுவும் கையில் ஐந்து லிட்டர் குக்கர் நிறைய அரிசிம்பருப்போடு நிற்கும்போது. மத்தியானம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம், ஏதாவது செய்துகொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டுக்கு வேண்டும், பேச்சுக்கு வேண்டாமா?

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. பனி பழகிவிட்டது, தயிர் உறைகிறது, நான் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் நேராகச் சொந்த ஊருக்கு, சென்னிமலைப் பக்கம் போய் விழுந்தேன்.

இங்கே மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். மாநிலத்துக்கே விடுமுறை. முதல் கூட்டம் 1762-இல் பென்னிங்டனில் நடந்தது. அப்போது இந்த மாநிலமே கிடையாது. ஊர்ச் செலவு, ரோடு, லாரி எல்லாவற்றுக்கும் மக்களே கை தூக்கித் தீர்மானம் போடுகிறார்கள். நம்மிடம் மட்டும் இல்லையா? கிராம சபை இருக்கிறதே. முன்பு வருடத்துக்கு நான்கு. 2022-இலிருந்து மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு. ஊரில் இருந்தவரை நான் ஒன்றுக்கும் போனதில்லை. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துத் தலைக்கணக்கை முடிப்பார்கள். தீர்மான நோட்டு வீடு தேடி வரும், அப்பா கையெழுத்துப் போடுவார். உண்மையான விவாதம் எல்லாம் டீக்கடையில், 'இங்கு அரசியல் பேசாதீர்' போர்டுக்கு நேர் கீழேதான்.

அன்றைக்கு இந்த ஊரில் சண்டை ஒரு மண் ரோட்டைப் பற்றி. இந்த மாநிலத்தில் பாதிக்கு மேல் ரோடுகள் இன்னும் தார் காணாதவை. பனி உருகும்போது சக்கரம் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கும். தார் போடு என்று ஒரு நர்ஸ் அம்மா: ஆம்புலன்ஸ் போக வேண்டாமா? போடாதே என்று ஒரு பால்பண்ணைக்காரர்: வரி ஏறும், கார்கள் பறக்கும், என் மாடுகள் எப்படிக் குறுக்கே போகும்? இருவருக்கும் முகம் சிவந்திருந்தது. ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. "மாடரேட்டர் ஐயா, முன்னால் பேசியவரின் கணக்கு தப்பு என்று நினைக்கிறேன்" என்று அந்த அம்மா. "மாடரேட்டர் ஐயா, அவருடைய கணக்கைவிட என் மாடுகளை எனக்கு நன்றாகத் தெரியும்" என்று இவர். அதுதான் விதியாம். நடுவில் நிற்பவரிடம்தான் பேச வேண்டும். எதிராளியின் பெயரைச் சொல்லக் கூடாது, உள்நோக்கம் கற்பிக்கக் கூடாது. பேசாதவர் கை தூக்கியிருக்கும்வரை, பேசியவருக்கு மறு வாய்ப்புக் கிடையாது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எங்கள் அம்மா பார்க்கிற வேலை.

அப்பாவின் தோட்டம் கீழ்பவானி வாய்க்கால் கரையிலேயே. என் தாய்மாமன் காடு முத்தூர்ப் பக்கம், வாய்க்கால் முடிகிற கடைமடை. வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர், பாசனம் 2,07,000 ஏக்கர். ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படைக்கு மறு போகம் என்று முறை மாற்றி விட்டும், மாமா மதகுக்குத் தண்ணீர் வரும்போது பயிர் பாதி வாடியிருக்கும். மண் கரை குடித்துவிடுகிறது, கான்கிரீட் போட்டே ஆக வேண்டும் என்பார் மாமா. அந்தக் கசிவு நீரில்தான் எங்கள் கிணறே ஊறுகிறது, கான்கிரீட் போட்டால் குடிக்கவும் தண்ணீர் இருக்காது என்பார் அப்பா. இரண்டும் உண்மை, அதுதான் வெசனம். 2021 பிப்ரவரியில் வாய்க்கால் சீரமைப்புக்குக் கோவையில் அடிக்கல் நாட்டினார்கள். அதன்பின் ஊருக்கு ஊர் இரண்டு சங்கம், இரண்டு உண்ணாவிரதம். ஒறம்பரைக்குள், சொந்தபந்தத்துக்குள்ளேயே, பேச்சு நின்றது.

தம்பி கல்யாணத்தில் தாய்மாமன் இல்லாமல் முடியுமா? மாமா வந்தார். பந்தியில் அப்பாவுக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தார்.

"உங்க அண்ணன்கிட்டச் சொல்லு, சாம்பார் ஊத்திக்கச் சொல்லி" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து.

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லும்மா, கடைமடைக்கு வந்து சேர்ந்தா ஊத்திக்கறேன்னு" என்றார் மாமா.

பந்தியே சிரித்தது. அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மா சாம்பார் வாளியை வாங்கித் தானே போய் ஊற்றினாள்.

இந்தக் கூட்ட விதிகளை எழுதிய ஹென்றி ராபர்ட்டும் பாவம், ராணுவப் பொறியாளர். ஆறு, துறைமுகம் என்று நம் பொதுப்பணித் துறைக்காரர் மாதிரி வேலை பார்த்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்தில் ஒரு சர்ச் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போய், கூட்டம் கைமீறி அவமானப்பட்டு, 1876-இல் தானே விதிப்புத்தகம் போட்டார். எங்கள் அம்மாவைத் தெரிந்திருந்தால் அவருக்கு அத்தனை பக்கம் தேவைப்பட்டிருக்காது.

யாரோ எழுந்து, சுவரோரம் இருக்கும் அந்தப் பெண்ணும் அதே ரோட்டில்தான் குடியிருக்கிறாள், அவளையும் கேட்போம் என்றார். ஓட்டு இல்லாதவர் பேசச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டும். கைகள் உயர்ந்தன. தொண்டை அடைத்தது. நான் தார் கட்சி. கார் இரண்டு தடவை சிக்கியிருக்கிறது. ஆனால் எழுந்து நின்று வாயைத் திறந்தால் வருகிறது: "மாடரேட்டர் ஐயா, என் கிணறு ரோட்டை ஒட்டி இருக்கிறது. தார் போட்டால் இப்போது மண்ணில் இறங்கும் தண்ணீர் எங்கே போகும்?"

சாட்சாத் அப்பாவின் குரல்.

ஏழு பேர் சீட்டில் ஓட்டுக் கேட்டார்கள். ஏழு பேர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமாம். ஒன்பது ஓட்டில் தார் தோற்றது. சாப்பாட்டு மேஜையில் நர்ஸ் அம்மாவும் பால்பண்ணைக்காரரும் அடுத்தடுத்து நின்று, குக்கரின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். நெய் விட்டுச் சாப்பிடச் சொன்னேன், கேட்டார்கள். சாயங்காலம் என் கார் அதே ரோட்டில் சிக்கியது. பால்பண்ணைக்காரர் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் போனாரே, அதற்கு இன்னும் நன்றிக்கடன்.

ராத்திரி ஊருக்குப் பேசினேன். அங்கே விடிந்திருந்தது. அம்மா ராஜினாமா செய்துவிட்டாளாம்: "அஞ்சு வருசம் ஆச்சு, இனி ரெண்டு பேரும் நேராப் பேசிக்கட்டும்." அப்பா ஃபோனை வாங்கினார். "அம்மிணி, நம்ம பாலத்துல தண்ணி கரை தொட்டுப் போவுது. முத்தூர் போய்ச் சேர்ந்துச்சான்னு உங்க மாமன்கிட்டக் கேட்டுச் சொல்லு."

ஒரே வாய்க்கால் சேதிக்கு வெர்மாண்ட் வழியாகத் தந்தி. சரி, மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளை கேக்கச் சொன்னாரா?"

"முன்னால பேசினவங்க பேரைச் சொல்லக் கூடாதுங்க மாமா."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"நேத்து ராத்திரி வந்துச்சு. முழங்காலுக்குத்தான் இருக்குது. அதையும் சொல்லீரு."