மடித்த வெள்ளிக்காசு: சஃபோக் வயல் நாட்குறிப்பு

செப்டம்பர் 7, 2024

கோதுமை அறுத்து, வைக்கோல் கட்டுகளையும் ஏற்றியாகிவிட்டது. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவே கிடைக்கும் சில வாரங்கள்தான் மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவர்களுக்குக் காலம். பண்ணைக்காரர் எழுத்திலேயே அனுமதி கொடுத்துவிட்டார். எது கிடைத்தாலும் அவரிடம் காட்ட வேண்டும், விலைபோகிற பொருளென்றால் ஆளுக்குப் பாதி. இங்கிலாந்தில் நிலத்துக்காரருக்குத் தெரியாமல் வயலில் இறங்கித் தோண்டி எடுத்தால் அது திருட்டு. அரசு பாதுகாக்கும் தொல்லிடமாக இருந்தால் நிலத்துக்காரர் சரி சொன்னாலும் போதாது.

இன்று ஆணிகள், பொத்தான்கள், தோட்டாவின் பித்தளை அடிப்பாகம், ஓர் ஈயக்குண்டு. வயலின் கிழக்கு ஓரமாகத் தேவாலயத்துக்குப் போகும் ஒரு நடைபாதை இருக்கிறது. பழைய நிலப்படத்திலும் அதே வளைவோடு இருக்கிறது. ஜனங்கள் நடந்த இடத்தில்தான் காசு விழுந்திருக்கும். இனி அந்தப் பக்கம்தான்.

செப்டம்பர் 14

ஆறு பென்ஸ்! முதலாம் எலிசபெத் காலத்தது, 1573 என்று ஆண்டே போட்டிருக்கிறது.

ஹெட்போனில் சத்தம் சுத்தமாக, இரண்டு பக்கமிருந்து வீசினாலும் ஒரே மாதிரி கேட்டது. ஒரு சாண் ஆழம்கூட இல்லை. மண்கட்டியை உடைத்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு விளிம்பு. ராணியின் தலைக்குப் பின்னால் சின்ன ரோஜாப்பூ. 1561இல் புதிதாகச் சில மதிப்புகளில் காசு அடித்தபோது, அளவில் நெருங்கிய காசுகளை ஜனங்கள் குழப்பிக்கொள்ளக் கூடாதென்று ஒன்றுவிட்டு ஒன்றுக்கு இந்தப் பூவை வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பூவைப் பார்த்துக் காசைப் பிரித்துச் சொல்லலாம். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது.

செப்டம்பர் 21

முதல் புரட்டாசி சனி. நல்ல மழை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லண்டன் போய் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஹாக்ஸன் புதையலைப் பார்த்தோம். அதுவும் எங்கள் சஃபோக்கில் கிடைத்ததுதான். 1992 நவம்பரில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார் எரிக் லாஸ். கிடைத்தது ரோமானியர் காலத்துப் பெட்டி. பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள், தங்கம், வெள்ளிக் கரண்டிகள். அவர் முழுவதையும் தோண்டி அள்ளவில்லை. பாதியில் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். அதனால்தான் எந்தப் பொருள் எதன் மேல் அடுக்கியிருந்தது என்பதுவரை ஆய்வாளர்களால் எழுதிவைக்க முடிந்தது. டிடெக்டரைத் தூக்கும் ஒவ்வொருவரும் அந்த மனிதரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் புதையலில் வெள்ளியால் செய்த மிளகுக் குப்பி ஒன்றும் உண்டு. ரோமானியர் மிளகு நம் மேற்குக் கடற்கரையிலிருந்து போனது என்று பெரியவளிடம் சொன்னேன். அப்புறம் அவள் அதைவிட்டு நகரவே இல்லை.

செப்டம்பர் 28

நடைபாதை ஓரம், பத்தடி உள்ளே. சிக்னல் வலுவில்லை, டிடெக்டர் திரையில் காட்டும் எண்ணும் குறைவு. தகரத் தாள் என்று பலரும் தாண்டிப்போகிற சத்தம். மெல்லிய பழைய வெள்ளி இப்படித்தான் பேசும் என்பதால் குறைந்த எண்ணையும் நான் விடுவதில்லை. பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கைக்கருவியான பின்பாயிண்டரை மண்ணில் நுழைத்துப் பார்த்து, விரலால் நிமிண்டி எடுத்தால், அரைவட்டமாக ஒரு துண்டு. முதலில் பாதியாக வெட்டிய காசு என்றுதான் நினைத்தேன். தண்ணீர் ஊற்றியதும் தெரிந்தது: வெட்டவில்லை, மடித்திருக்கிறது. முழுக் காசை ஓலையை மடிப்பதுபோல நடுவில் மடித்து, இரண்டு விளிம்பும் ஒட்டும்படி அழுத்தியிருக்கிறார்கள்.

முகம் உள்ளே போய்விட்டது. வெளியே தெரிவது பின்பக்கம். விளிம்புவரை நீளும் சிலுவை, ஒவ்வொரு மூலையிலும் மும்மூன்று புள்ளிகள். ஒரு பாதியில் 'லண்டன்' என்ற எழுத்துகள், மறுபாதியில் 'நகரம்' என்பதற்கான லத்தீன். இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் 1279இல் கொண்டுவந்த பென்னி வகை. கூலியாளுக்கு அன்றைக்கு ஒரு நாள் சம்பளமே ஒன்றிரண்டு பென்னிதான். அதை யார் இப்படி மடிப்பார்கள்?

உடன் தேடும் நண்பர் போட்டோவைப் பார்த்துவிட்டு, சூடுகாட்டி நிமிர்த்திவிடலாம், ராஜா முகம் தெரிந்தால் விலை கூடும் என்கிறார். மாட்டேன். மண்ணில் பல நூற்றாண்டு கிடந்த வெள்ளி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், மடிப்பிலேயே இரண்டாகப் போகலாம். போகாவிட்டாலும் நிமிர்த்த மாட்டேன். முகம் தெரிகிற எட்வர்ட் பென்னி ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

இடத்தின் ஆயத்தொலைவுகளைப் போனில் குறித்துக்கொண்டு, குழியை மூடி, காசை மெத்தென்ற டப்பாவில் வைத்தேன். துடைக்கவில்லை, தேய்க்கவில்லை.

அக்டோபர் 4

கண்டெடுத்த பொருள்களைப் பதிவுசெய்யும் அதிகாரியைப் பார்த்தேன். பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் போர்ட்டபிள் ஆண்டிக்விட்டீஸ் ஸ்கீமின் ஆள் அவர். லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். கலப்பை பட்டு வளைந்திருந்தால் கீறலும் கோணலும் இருக்கும். இது நேர் மடிப்பு, கையால் செய்தது, வேண்டுதல் காசாக இருக்க நிறைய வாய்ப்பு என்றார்.

வீட்டில் ஒருவர் நோயில் கிடந்தால், அவர் தலைக்கு மேல் ஒரு பென்னியைப் பிடித்து, ஒரு புனிதர் பெயரைச் சொல்லி மடிப்பார்கள். அதோடு அந்தக் காசு அந்தப் புனிதருடையது. பிழைத்ததும் சமாதிக்குக் கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும். 1290இல் வேல்ஸின் சுவான்சியில் தூக்கிலிடப்பட்ட வில்லியம் கிராக் என்பவருக்காகக்கூட இப்படிக் காசு மடித்து வேண்டினார்கள். அவர் உயிர் பிழைத்தார். போப்பாண்டவர் அனுப்பிய விசாரணையில் 1307இல் இது சாட்சியமாகவே பதிவானது.

சட்டப்படி இந்த ஒற்றைக் காசு புதையல் ஆகாது. முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்து கிடந்தால்தான் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினான்கு நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். என் ஆறு பென்ஸ் வேறு காலம், வேறு மூலை. ஆனாலும் இரண்டையும் எடைபோட்டு, படமெடுத்து, இடத்தோடு பதிந்துகொண்டார்.

இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். எனக்கு அம்மை போட்டிருந்தபோது மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்துவிட்டுப் பிறகு சமயபுரம் போனவர். கதையைக் கேட்டு முடித்ததும் ஒரே வார்த்தை: "அது நேந்துக்கிட்ட காசுடா. நாம வச்சுக்கக் கூடாது. எந்தச் சாமிக்கு முடிஞ்சாங்களோ அங்க கொண்டு போய்ச் சேர்த்துடு."

எந்தச் சாமி என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கத்தில் பெரிய யாத்திரைத் தலம் பரி செயின்ட் எட்மண்ட்ஸ், புனித எட்மண்ட் சமாதி. எட்டாம் ஹென்றி காலத்தில் 1539இல் மடத்தை மூடிவிட்டார்கள். இப்போது இடிந்த சுவர்களும் பூங்காவும்தான்.

அக்டோபர் 12

கடைசி நாள். செவ்வாய்க்கிழமை விதைப்பு என்று பண்ணைக்காரர் சொல்லிவிட்டார். இன்று ஒரு பென்னியைச் சிலுவைக் கோட்டோடு நாலாக வெட்டிய ஒரு கால் துண்டு. 1279க்கு முன்னால் சில்லறை இப்படித்தான். விரல் நகம் அளவு, கூர்முனையில் இன்னும் வெட்டுத் தடம்.

பண்ணைக்காரர் வீட்டுச் சமையலறை மேசையில் மடித்த காசை வைத்து அம்மா சொன்னதைச் சொன்னேன். பண்ணைக்காரரின் மனைவி அதைக் கையிலெடுத்துப் பார்த்தார். "அவர்கள் வீட்டு நோயாளி பிழைத்தாரா?" என்று கேட்டார். விற்றுப் பாதி எடுப்பது பற்றி யாரும் பேசவில்லை. பரியில் இருக்கும் மாய்ஸஸ் ஹால் மியூசியத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். இருவரும் சரி என்றார்கள். பதிவு எண்ணையும் இடக்குறிப்பையும் சேர்த்து இன்றிரவே கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கும் சொல்லியாயிற்று.