கொத்துக் கரண்டி

சான் டியேகோ வந்து இரண்டு வருஷம் ஆகியும் சபையில் நான் கடைசி பெஞ்சுதான். ஆராதனை முடிந்ததும் காப்பி வைத்திருக்கும் இடத்தில் நாலு பேர் நலம் விசாரிப்பார்கள். நன்றாக இருக்கிறேன் என்பேன். அதோடு அடுத்த ஞாயிறுதான். மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்த சமயம், எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவின் டிஹுவானாவில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டித்தர சபையில் ஆள் சேர்த்தார்கள். பெயர் கொடுத்தேன். ஊழிய வாஞ்சை என்று சொன்னால் பொய். சனி, ஞாயிறு வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா தனியாக வேண்டாம். சான் இசிட்ரோ எல்லையைத் தாண்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தாண்டியதும் தெருவே வேறு. குன்றுச் சரிவில் மண் சரியாமல் இருக்கப் பழைய டயர்களை அடுக்கித் தடுப்புச் சுவர் கட்டியிருந்தார்கள். சில வீடுகளுக்குச் சுவரே கராஜ் கதவுதான். சான் டியேகோவில் கழற்றிப் போட்டவை இங்கே வந்து சுவராகிவிடுகின்றன. வாசலுக்கு வாசல் நீல பேரல். தண்ணீர் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும்.

எங்கள் வேலை 16க்கு 20 அடியில் இரண்டு அறை. முதல் நாள் தளத்தின்மேல் மரச் சட்டங்களை நிறுத்திவிட்டார்கள். நான் போனது இரண்டாம் நாள். ‘டூ பை ஃபோர்’ என்று பெயர், டேப் வைத்து அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கிறது. அதை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, பலகை அடித்து, தார் காகிதம் ஒட்டி, அதன்மேல் கோழி வலையை இழுத்து ஆணியடித்து, அப்புறம் சாந்து பூச வேண்டும். செங்கல் வீட்டில் பிறந்தவனுக்கு இது பொம்மை வீடு மாதிரிதான் தெரிந்தது.

என் அப்பா கொத்தனார். திசையன்விளைப் பக்கம் அவர் பூசிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் என்னைக் கரண்டியைத் தொட விட்டதில்லை. லீவு நாளில் வேலை நடக்கிற இடத்துக்குப் போனால், "நிழல்ல போய் படில" என்று துரத்துவார். அப்படிப் படித்து, கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, கடைசியில் என் கைக்காசைக் கட்டிச் சாந்து குழைக்க வந்திருக்கிறேன்.

எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பச்சை டீசர்ட் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது இடையன்குடி ஞாபகம் வந்தது. மிஷனரியாக வந்த கால்டுவெல் அங்கே கட்டிய கோயில் முடிய 33 வருஷம் ஆயிற்று, 1880இல்தான் பிரதிஷ்டை. நாங்கள் மூன்று நாளில் முடித்துவிட்டு வேனில் ஏறப் போகிறோம். வந்து இறங்கிய வெள்ளைக்காரர்களை எங்கள் ஆட்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று முன்பெல்லாம் யோசித்ததில்லை. எதிர்வீட்டுப் பாட்டி ஒருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படித்தான் இருந்திருக்கும்.

நாங்கள் பூசியதைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சுவரில் அப்பியதில் பாதி காலடியில் விழுந்தது. வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் மரியாதைக்குப் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். கொஞ்சம் சாந்தை எடுத்து, மணிக்கட்டை ஒரு சுண்டு. பட்டென்று போய் வலைக்குள் உட்கார்ந்தது. ஒரு பொட்டுக்கூடக் கீழே விழவில்லை. அப்பா அடிப்பதும் அதே மாதிரிதான், அதே சத்தம்தான். விசாரித்தால், வாரம் ஆறு நாளும் அவருக்குக் கட்டட வேலையாம். ஊரான் வீடெல்லாம் கட்டுகிறவருக்குத் தன் வீட்டுக்குப் பலகையும் சிமெண்டும் வாங்கத்தான் வழியில்லை. அதன் பிறகு நான் அவருக்குச் சித்தாள். தண்ணீர் அதிகமானால் நாக்கைச் சப்புக்கொட்டுவார், சரியாக இருந்தால் தலையாட்டுவார். மொழி தேவைப்படவில்லை.

மத்தியானம் அவர் மனைவி கோழியும் சோறும் சோளத் தோசை மாதிரி டார்ட்டியாவும் ஆக்கிப் போட்டார். ஊர் அசனப் பந்தி மாதிரி எல்லோரும் நெருக்கியடித்துச் சாப்பிட்டோம். மேசைக்கு அவர்களும் ‘மேசா’தான். கதவு மாட்டியதும் பிள்ளைகள் பூட்டிப் பூட்டித் திறந்து, "யாவே! யாவே!" என்று கத்தின. பழைய ஏற்பாட்டில் அதைக் கடவுளின் பெயராகக் கேட்டு வளர்ந்தவன், திடுக்கிட்டேன். சாவியைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம்.

திரும்பி வரும்போது எல்லையில் மூன்று மணி நேரம் வரிசை. கார்களுக்கு நடுவே சுரோஸ் என்கிற இனிப்புப் பலகாரம் விற்கிறார்கள், போர்வை விற்கிறார்கள். வேனில் பக்கத்தில் இருந்தவர் என் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். இந்த நாட்டில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள். கொத்தனார் என்றதும் வேனே சிரித்தது, என் சுவரைத்தான் எல்லோரும் பார்த்திருந்தார்களே.

அப்பாவுக்குப் படங்களை அனுப்பினேன். ஊரில் விடிந்திருந்தது. உடனே கூப்பிட்டார்.

"கோழி வலையில சாந்து நிக்குமால?"

"நிக்குதுப்பா."

"கூலி எவ்வளவு?"

"ஊழியம்ப்பா, கூலி கிடையாது." காசு கட்டிப் போனதைச் சொல்லவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கெழக்கு மூலை நூல் புடிச்ச மாதிரி இருக்கு. யாரு பூசுனது?"

"வீட்டுக்காரர்."

"அப்போ ஒங்கள எதுக்குல கூப்பிட்டாவ?"